குற்றவாளி கழுகு

மலையகத்தில் குளவி கொட்டிய செய்தியை எழுத நிருபர் தேவையில்லை. போன மாதத்துச் செய்தியை எடுத்து, தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் தொகையையும் மாற்றினால் வேலை முடிந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், குளவி கொட்டு, வைத்தியசாலையில் அனுமதி, ஒருவர் கவலைக்கிடம். கடைசி வரியில் தீர்ப்பும் வந்துவிடும்: மரத்திலிருந்த கூட்டைக் கழுகு கலைத்ததால் இச்சம்பவம் நேர்ந்தது. இராகலையில் கொட்டினாலும் கழுகு, ஹைபொரஸ்டில் கொட்டினாலும் கழுகு, ஹல்கரனோயாவில் கொட்டினாலும் அதே கழுகு. அதற்கு ஓய்வு நாள் என்றால் அன்றைக்குக் காற்று டியூட்டி பார்க்கும்.

வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களின் தொழில் பாதுகாப்பு மொத்தத்தையும் இந்த ஒரு பறவை சுமக்கிறது. செக்ரோலில் அதற்குப் பெயர் இல்லை. சேமலாப நிதி இலக்கம் இல்லை. ஆனாலும் கம்பனியும் திணைக்களமும் அமைச்சும் தொட மறுத்த பொறுப்பை அது ஒன்றுதான் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொழும்பு ஹோட்டல்களில் நடக்கும் பாதுகாப்பு முகாமைத்துவப் பயிற்சிகளில், விபத்தின் மூலகாரணத்தைப் பிடிக்க ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் ஒரு தடவையே தாராளம். ஏன் கொட்டியது? கழுகு. கோப்பை மூடு.

இரண்டாவது ‘ஏன்’ கேட்டால்தான் வில்லங்கம். பத்திரிகையில் குளவி என்று வருவது பல சமயம் பெரிய மலைத்தேனீ. அதன் அடை உயரமான டர்பன்டைன் மரத்துக் கிளையில், ஒரு கதவுப் பலகை அளவுக்குக்கூடக் கறுப்பாகத் தொங்கும். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், அந்த மலையில் கொழுந்தெடுக்கும் அத்தனை பெண்களுக்கும் தெரியும். காலையில் பிரட்டுக்களத்திலேயே சொல்லியிருப்பார்கள். “ஆமா ஆமா, பாத்துக்கலாம், போங்க” என்ற பதிலும் கிடைத்திருக்கும். கழுகுக்கு மட்டும்தான் கூடு இருப்பது கடைசியாகத் தெரிந்தது போல.

கூடு கலைந்தால் ஓட வேண்டும். எங்கே ஓடுவது? இடுப்பளவுக்குத் தேயிலைச் செடி, ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் வாது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு. நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடை. காலுக்குக் கீழே ஈரச் சரிவு, பத்தடிக்கு ஒரு கான். முதல் தேனீ கொட்டிய இடத்தில் விட்டுப்போகும் கொடுக்கிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவைக்கு வழிகாட்டும். ஒன்று கொட்டிய இடத்துக்கே நூறு வரும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி அந்தக் கானுக்குள் விழுந்து, படங்கை அவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு கிடப்பதுதான் இந்தக் கைத்தொழிலில் இன்றைக்கு வரை நடைமுறையில் உள்ள ஒரே அவசரகாலத் திட்டம். அதையும் எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது.

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு அடைத்தால் அட்ரினலின் ஊசி வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்குள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துக்காரர் இருந்தால் பெனடோல் இருக்கும், பெனடோல் இருந்தால் மருந்துக்காரர் இருக்கமாட்டார். கொழுந்து ஏற்ற வந்த லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, குண்டும் குழியுமான தோட்ட ரோட்டில் வலப்பனைக்கோ இராகலைக்கோ போக வேண்டும். அங்கிருந்து கேஸ் பெரிதென்றால் நுவரெலியா பொது வைத்தியசாலை. எத்தனை வளைவு தாண்டி உயிர் போகும் என்பது அவரவர் விதி.

பிழைத்தவர்களுக்கு வார்டில் ஒரு சடங்கு காத்திருக்கிறது. மாதா மாதம் சம்பளத்தில் சந்தா வெட்டிய சங்கத்தின் பிரமுகர் வருவார், கையில் மோல்ட் பால்மா பக்கெட்டோடு. கண் இரண்டும் வீங்கி மூடிப்போன பெண்ணின் கையில் பக்கெட்டைத் திணித்துக் கமராவைப் பார்த்துச் சிரிப்பார். அவளால் கமராவைப் பார்க்க முடியாது. அது அவருக்கு ஒரு வகையில் வசதி. தேர்தல் காலமாக இருந்தால் ஒரே கட்டிலுக்கு மூன்று பக்கெட் சேரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், வார்டிலிருந்து திரும்பிய பெண்களுக்கு அன்றைய கணக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப்பேர். கூடு கலையும்போது கூடையில் ஆறு கிலோதான் இருந்தது. ஓடும்போது கொட்டிப்போனது போக மூன்று. கணக்கப்பிள்ளை நல்ல மனிதர், அரைப்பேர் போட்டதே தன் பெருந்தன்மை என்று நினைத்தார். “குளவிகிட்டயே கேட்டு மிச்ச கிலோவ வாங்கிக்கச் சொல்லுங்க” என்றாள் ஒருத்தி. அவர் அதற்கும் சிரித்தார். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,550 ரூபாய் என்றும் அதன்மேல் அரசாங்கமே தரும் வரவு ஊக்கத்தொகை 200 ரூபாய் என்றும் அறிவித்தார்கள். வேலைக்கு வந்து கொட்டு வாங்கி வார்டில் படுத்த நாட்களில் ஊக்கம் இல்லை. வருகிறவளுக்குத்தான் ஊக்கம், விழுகிறவளுக்கு இல்லை.

இனிச் சட்டம். இந்த நாட்டில் வேலைத்தலப் பாதுகாப்புக்கான மூலச்சட்டம் 1942-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் தன் ஊரில் 1937-இல் போட்ட சட்டத்தை மாதிரியாக வைத்துத் தைத்துக் கொடுத்த சட்டை. பெயரிலேயே இருக்கிறது, தொழிற்சாலை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலைக்குள் ஓடும் ரோலருக்கு வேலி வேண்டும், பெல்ட்டுக்கு மூடி வேண்டும், விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும். எல்லாம் ஸ்டோர் வாசற்படி வரை. வாசற்படிக்கு வெளியே ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேலை செய்பவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இயற்கைக் காட்சி. வெள்ளைக்காரன் தன் பண்ணை ஆட்களுக்கு 1956-இல் தனிச்சட்டம் போட்டுக்கொண்டான். அதுவும் போதாதென்று 1974-இல் அநேகமாக எந்த வேலையாக இருந்தாலும் சேர்க்கிற பொதுச்சட்டம் கொண்டுவந்தான். நாங்கள் சுதந்திரமடைந்த தேசம். அவன் கழற்றிப் போட்ட சட்டையை மானத்தோடு இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம். 2009-இல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கென்று ஒரு தேசிய நிறுவகத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. வயலையும் மலையையும் சேர்க்கும் புதிய சட்டம் வருகிறது, வருகிறது என்று எத்தனையோ அமைச்சர்கள் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐ.எல்.ஓ. 2022 ஜூனில் பாதுகாப்பான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தபோது நாமும் கைதட்டினோம். கைதட்ட ஏற்கெனவே பயிற்சி இருக்கிறது.

ஆனால் கொழுந்தின் யோகத்தைப் பாருங்கள். பறித்த நிமிடத்திலிருந்து அதற்கு ராஜமரியாதை. கசங்கினால் சிவந்துவிடும், சிவந்தால் தரம் போய்விடும் என்று சாக்கை அழுத்திக் கட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நசுக்கக் கூடாதென்று லொறியில் தட்டு அடித்திருக்கிறார்கள். வெயில் படாமல் மேலே விரிப்பு. ஸ்டோருக்குப் போனதும் நீளமான வாட்டுத் தொட்டியில் பரப்பி, கீழிருந்து விசிறி போட்டு, எத்தனை பாகை சூடு, எத்தனை ஈரம் என்று அளந்து அளந்து பார்க்கிறார்கள். அதைப் பறித்தவள் மழையில் நனைந்து நடுங்குவதற்கு எந்த மானியும் இல்லை. தட்டு அடிக்காத லொறியில், பிடிக்கக் கயிறு இல்லாமல், அவளும் இன்னும் நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் நசுக்கிக்கொண்டு அடுத்த டிவிஷனுக்குப் போகிறார்கள். மனுசி கசங்கினால் தரம் குறையாது. அப்படி ஒரு குறிப்பு எந்த ஏலத்திலும் வந்ததில்லை.

இந்த அரசாங்கங்களுக்குப் பூச்சி என்றால் அலட்சியம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு வண்டு. ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தி வைத்தது. அடுத்த சில நாட்களில் நம் நாடு எவ்வளவு சுறுசுறுப்பான நாடு என்பதை உலகம் கண்டது. அமைச்சு விழித்தது, தேயிலைச் சபை விழித்தது, தூதரகம் ஓடியது, தூதுக்குழு மாஸ்கோவுக்குப் பறந்தது. மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. அதே நாட்களில் இன்னொரு காரியமும் நடந்தது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதிக்கு விதிக்க இருந்த தடை தள்ளிப்போடப்பட்டது. அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலில் புற்றுநோய் வைக்கும். அதை வெட்டிக் கூரை போடுகிறவனுக்கும் உடைத்துக் கழற்றுகிறவனுக்கும்தான் முதலில் வைக்கும். நமக்கு அதை அனுப்பும் நாடுகளில் பெரியது ரஷ்யா. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நினைப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை என்பார்கள். நான் முடிச்சுப் போடவில்லை. மொட்டையையும் முழங்காலையும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். ஒரு வண்டுக்கு மாஸ்கோ. கூடு கூடாகத் தேனீக்கு ஒரு மோல்ட் பக்கெட்.

மருந்தடிப்பதிலும் இதே நீதிதான். 2015-இல் கிளைபோசேட் களைகொல்லிக்குத் தடை. களை மண்டியதும் கிடைத்ததை அடித்தார்கள். 2018-இல் ஜப்பான்காரன் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லியின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொன்னான். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது அவன் போட்ட கோடு. குடிக்கிறவன் கோப்பைக்குள் போகிற துளியின் துளியை அளக்க ஆய்வுகூடம், சான்றிதழ், கவலை. அந்த வருஷமே தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் திரும்பி வந்தது. இந்த மருந்துகளைப் பதினாறு லீற்றர் டாங்கியில் முதுகில் சுமந்து, மூடி கசிந்து முதுகெல்லாம் நனைய, காற்று திரும்பினால் முகத்திலும் வாங்கிக்கொண்டு மலை ஏறியவனின் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம்? ஜப்பான்காரன் அவனைக் குடிப்பதில்லை. ஆகவே அளக்கவில்லை. பிறகு 2021-இல் ஒரே இரவில் இரசாயன உரத்தையும் மருந்தையும் தடை செய்தார் ஒரு ஜனாதிபதி. அந்த வருஷம் முடிவதற்குள் அந்த ஞானம் தெளிந்தது. ஆனால் அதற்குள் மலைகள் காடாகின, பாம்பும் குளவியும் குடியேறின. பல மலைகளில் அந்தக் காடு இன்னும் துப்புரவாகவில்லை. சிறுத்தை நடமாட்டம் வேறு. அந்தப் பயத்தோடு குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகும் தாய்க்கு என்ன அறிவுறுத்தல்? கவனமாக இருங்கள்.

சொல்ல மறந்தேன், பாதுகாப்பு முற்றாக இல்லை என்று சொல்வது பொய். வருஷத்தில் ஓரிரு நாள் இருக்கிறது. வெளிநாட்டு முத்திரைக்காரர்கள் ஓடிட் பண்ண வரும் நாட்கள். ஒரு தோட்டத்தில் கண்டதைச் சொல்கிறேன். முதல் நாளே சாமான் அறை திறக்கிறது. பூட்ஸ், கையுறை, முகமூடி, பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு வெளியே வருகின்றன. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். மலையிலுள்ள கக்கூசின் பூட்டு அன்றைக்குத் திறக்கப்படுகிறது. உள்ளே ஒரு சவர்க்காரமும் இருக்கிறது. முதலுதவிப் பெட்டிக்குப் பஞ்சு வருகிறது. மருந்தடிக்கும் ஆட்களுக்குப் பதில்கள் பாடமாகின்றன. முகமூடி போடுவீர்களா? போடுவோம். யார் கொடுத்தது? தோட்டம். கஷ்டம் ஏதும் உண்டா? இல்லை. வந்தவர் பூட்ஸைப் பார்த்து மகிழ்ந்து, புதிதாக இருக்கிறதே என்கிறார். “போன வருசமும் இதே பூட்ஸ்தாங்க. அப்பயும் புதுசுதான்” என்றான் ஒரு விடலை. மொழிபெயர்த்தவர் நல்ல குடும்பஸ்தர். திருப்தியாக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். மாலையில் எல்லாம் திரும்ப எண்ணி வாங்கப்பட்டு உறைக்குள் போயின. லண்டனில் ஒரு சீமாட்டி பொட்டலத்தின் மேலிருக்கும் முத்திரையைப் பார்த்து மனச்சாட்சி குளிர்ந்து இரண்டு காசு கூடக் கொடுப்பாள். அந்த இரண்டு காசில் அந்தப் பூட்ஸுக்கு வாடகையாவது கொடுத்திருக்கலாம்.

வேலைத்தலம் என்றால் மலையும் ஸ்டோரும் மட்டும் என்று நினைப்பவர்களுக்குத் தோட்டம் தெரியாது. வேலை செய்தால் லயம், லயத்தில் இருந்தால் வேலை. தூங்குகிற இடமும் தோட்டத்துக்குச் சொந்தமான இடம். ஆகவே லயத்தின் மேல் மலை சரிவதும் வேலைத்தல விபத்துதான். எந்தப் படிவத்திலும் அப்படி எழுத இடமில்லை என்பது வேறு விஷயம். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தயிலும் மண் சரிந்து ஆட்களைக் கொண்டுபோனது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆட்களோடு மூடுண்டன. அந்த மலை சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் சொல்லியிருந்தது, 2011-லும் சொல்லியிருந்தது. ஒன்பது வருஷம் ஒரு மலை பொறுமையாகக் காத்திருந்தது, இவர்கள் கடிதத்துக்குப் பதில் போடுவார்களா என்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. அப்போதும் வெளியேறுங்கள் என்று அறிவித்தார்கள். வெளியேறி எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு அறிவித்தலில் பதில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 1951-லேயே தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச்சட்டம் போட்டார்கள். அங்கேயும் 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் லயங்களை மலை மூடியது. லயம் எங்கே கட்டப்பட்டதோ அங்கே மலை வரும். வெள்ளைக்காரன் நல்ல இடத்தில் தேயிலையையும் பங்களாவையும் வைத்துவிட்டு, மிஞ்சிய பள்ளத்தில் ஆட்களை வைத்தான். அந்த வரைபடத்தை மட்டும் யாரும் இதுவரை தடை செய்யவில்லை.

செத்தால் பணம் உண்டு. 1934-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உச்சத்தொகை ஐந்தரை இலட்சமாக வருஷக்கணக்கில் கிடந்து 2022-இல் இருபது இலட்சமானது. உச்சம் என்றுதான் பெயர். கணக்கு, வாங்கிய சம்பளத்தை வைத்து. குறைந்த சம்பளம் வாங்கியவளின் உயிருக்குக் குறைந்த விலை. வாழ்நாள் முழுக்கக் கிலோவுக்குக் கிலோ குறைத்து நிறுக்கப்பட்டவளின் சாவிலும் தராசு அதே தராசு.

இந்தச் சில்லறைத் தொல்லையும் வேண்டாம் என்று இப்போது கம்பனிகள் ஒரு புத்திசாலித்தனமான பாதுகாப்புத் திட்டத்தைக் கையில் எடுத்திருக்கின்றன. வருமானப் பகிர்வு. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று துண்டு பிரித்துக் கொடுப்பார்கள். உரமும் மருந்தும் கடனுக்குக் கிடைக்கும், கொழுந்தைக் கம்பனிக்கே விற்க வேண்டும், கடன் கழித்து மிச்சம் கையில். நாட்சம்பளம் இல்லை, ஆகவே வர்த்தமானி இல்லை. தொழிலாளி இல்லை, ஆகவே விபத்து இல்லை. நேற்றுவரை கூலிக்காரியாக இருந்தவள் இன்றைக்குத் தொழில் முனைவோர். பூட்ஸ் வேண்டுமென்றால் அவளே வாங்க வேண்டும். கூட்டைக் கலைக்க ஆள் பிடிக்க வேண்டியவளும் அவள்தான். ஆள் போதாமல் அவள் தன் நாத்தனாரை ஒத்தாசைக்குக் கூப்பிட்டால், சட்டத்தின் பாஷையில் அவள் முதலாளி, நாத்தனார் தொழிலாளி. நாளைக்கு அந்தத் துண்டில் நாத்தனாருக்கு மூச்சடைத்தால் நட்டஈட்டு ஆணையாளர் முன்னால் போய், வீங்கிய முகத்தோடு, பதில் சொல்லி நிற்க வேண்டியவளும் அவள்தான். கம்பனி சார்பில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்து சாட்சி சொல்வார்: மரத்தடித் துண்டை இந்த அம்மாவே பார்த்து எடுத்தது, ஒப்பந்தத்தில் கைநாட்டு இருக்கிறது, ஐயா.